கரடி உறக்க உபகுழு

விருத்தாசலத்தில் களிமண்ணை வைத்து என்னென்னவோ செய்தார்கள். ஊறுகாய் ஜாடி, டீக் கோப்பை, கரண்டுக் கம்பத்துப் பீங்கான், கொலுப் பொம்மை எல்லாம் செய்து ரயிலேற்றினார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் அதே மண்ணில் உண்மைகளையும் சுட ஆரம்பித்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது விலங்கறிவு வளர்ச்சிக் கழகம்.

மணிமுத்தாற்றங்கரையில் கழகத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. அதில் ஆறு கூண்டு, ஆறு விலங்கு, அந்த ஆறையும் நிர்வகிக்க ஏழு உபகுழு. கூண்டுக்குள் இறங்கி வேலை செய்ய மட்டும் ஒரே ஓர் ஆள், தனக்கோடி. மூன்று வருஷமாக அவன் தற்காலிகக் காப்பாளன். தை மாதக் கடைசியில் கூடும் பொதுக்குழு அவனை நிரந்தரமாக்குவதாக இரண்டு தை மாதங்களில் சொல்லியிருந்தது. மூன்றாவது தை வரப்போகிறது.

மற்ற ஊர்களில் விலங்குக் கூண்டுக்கு முன்னால் தகரத்தில் எழுதி மாட்டுவார்கள். மழைக்கு எழுத்து உரிந்துவிடும், அடுத்த வருஷம் சரியாக எழுதிக்கொள்ளலாம். இது பீங்கான் ஊர். கழகத் தலைவர் பழமலை இரண்டு சூளைக்குச் சொந்தக்காரர். வெள்ளை ஓட்டில் நீல எழுத்து எழுதி, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்து, சூளையில் வேகவைத்துச் சுவரில் பதித்தார்கள். உடைக்கலாமே தவிரத் திருத்த முடியாது. ஒவ்வொரு பலகையின் அடியிலும் 'உபயம்: தலைவர் திரு. பழமலை' என்று விலங்கின் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருந்ததால் உடைக்கவும் முடியாது.

பலகைக்கு விஷயம் எழுதித் தந்தவர் செயலாளர் தர்மராஜ். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. வீட்டில் ஒரு தடித்த வெளிநாட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கூண்டு எதற்கும் ஐந்தடிக்கு மேல் அவர் நெருங்கியதில்லை. நெருங்கினால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

பலகை வந்த நாளிலிருந்து விலங்குகளுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. முதலைப் பலகையில் 'இரை உண்ணும்போது கண்ணீர் வடிக்கும்' என்று இருந்தது. கண்ணீரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் இறைச்சி என்று தீனி உபகுழு உத்தரவிட்டது. தனக்கோடி முதலையின் முகத்துக்கு நேரே குனிந்து உட்கார்ந்து, ஈரமா கண்ணீரா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டான். மயில் பலகையில் 'மழைக்கு முன் தோகை விரிக்கும்' என்று இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் மயில் விரித்தது, மழை வரவில்லை. பொய்த் தகவல் பரப்பியதாக மயிலின் பேரில் ஒரு கோப்பு திறந்தார்கள். மலைப்பாம்பின் பலகையில் 'பல மாதம் இரையின்றி இருக்க வல்லது' என்றிருந்தது. இருக்க வல்லதை இருக்கவிட்டார்கள்.

இதையெல்லாம் தனக்கோடி எப்படியோ சமாளித்தான். கரடி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டான்.

கரடியின் பெயர் சிங்காரி. ஒரு வித்தைக்காரன் ரயிலை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவளை ஜங்ஷன் வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனான், இன்னும் வரவில்லை. மூக்கில் கயிறு. கோரைப்பல் எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. கேழ்வரகுக் களியில் வெல்லம் பிசைந்து தந்தால் கையை நக்கிவிட்டுத்தான் களியைத் தொடுவாள். தனக்கோடி அவளைப் பார்த்துப் பார்த்துச் சில விஷயங்கள் தெரிந்துகொண்டிருந்தான். கறையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து போட்டால் முதலில் அடுப்பு ஊதுவதுபோல் ஊதித் தூசியைத் தள்ளுவாள், பிறகு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு கறையானை உறிஞ்சுவாள். சத்தம் வேலிக்கு வெளியே கேட்கும். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு பிறவியிலேயே கிடையாது, உறிஞ்ச வசதியாக. இந்த விஷயங்களைப் பலகையில் போடலாமே என்று ஒருமுறை தர்மராஜிடம் சொன்னான்.

"இது நீ பார்த்தது. கழகம் அறிவு வளர்க்க ஏற்பட்டது. பார்த்ததையெல்லாம் எழுதினா அது அறிவாகுமா?" என்றார் அவர்.

கார்த்திகைக் கடைசியில் கரடிப் பலகை வெந்து வந்தது. அதில் மூன்றே வரி.

'கரடி குளிர்காலம் முழுவதும் உணவு உட்கொள்ளாமல் ஆழ்ந்து உறங்கும். அவ்வமயம் மலஜலம் கழிக்காது. வசந்தத்தில் தானே விழித்தெழும்.'

மார்கழி முதல் தேதி காலையில் தனக்கோடி களிக்கு மாவு வாங்கப் போனான். கரடிக்கு மாசி முடிய மாவு இல்லை என்று தீனி அறைக் கதவில் ஒட்டியிருந்தது. நேரே தர்மராஜ் வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, கரடிக்கு மாவு நிறுத்திட்டாங்க."

"நிறுத்தல. உறங்குற விலங்குக்கு எதுக்கு மாவு?"

"அது உறங்கலீங்க. காலையிலேருந்து தட்ட உருட்டிக்கிட்டு இருக்குது."

"இன்னிக்கு என்ன தேதி?"

"மார்கழி ஒண்ணுங்க."

"அப்ப உறங்கணும். பலகைய படிச்சியா?"

"நான் படிச்சேங்க. கரடி படிக்கலீங்களே."

தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனக்கோடி, உன் நிரந்தரம் இந்தத் தையில வருது. அதுவரைக்கும் இந்தக் கரடி ஒழுங்கா உறங்கிச்சுன்னா உன் வேலை திருப்தின்னு நானே எழுதுவேன். உறங்கலன்னா காப்பாளன் சரியில்லன்னுதான் அர்த்தம். விலங்கு மேல நடவடிக்கை எடுக்க நமக்கு விதி இல்ல."

ஆக, சிங்காரி சாப்பிட்டால் தனக்கோடிக்கு வேலை இல்லை, சாப்பிடாவிட்டால் சிங்காரி இல்லை. இதற்குமேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி திரௌபதியிடம் சொன்னான். அவள் பானையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கரடிக்குப் பாவம் பாக்கிறியே, மூணு வருசமா தற்காலிகம்னு உன்ன பட்டினி போடறாங்களே, அதுக்கு எந்தப் பலகையில எழுதியிருக்குது?"

"மாவு இருக்குதா இல்லியா?"

"இருக்குது. ரெண்டு படி. வூட்டுல ரெண்டு கரடின்னு நெனச்சிக்கிறேன்."

மங்கலம்பேட்டையிலிருந்து வந்து விருத்தாசலம் மார்க்கெட்டில் பழக்கடை போட்டிருந்த கியாசுதீனும் உதவினார். கழகத்துக்கு வாழைப்பழம் சப்ளை செய்தவர் அவர். கதையைக் கேட்டுவிட்டு, அமுங்கிப்போன பழமாகப் பார்த்து ஒரு கூடை ஒதுக்கினார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. நாங்க நோம்பு வெச்சா பொழுது சாஞ்சதும் தொறந்துடறோம். உங்க செக்ரட்டரி ஒரு வாயில்லா ஜீவனுக்கு மூணு மாசம் நோம்பு போட்டிருக்காரே, அவரு பெரிய ஹஜ்ரத்துதான்."

பத்து நாள் இப்படி ஓடியது. விடிவதற்குள் களி, உச்சிப்பொழுதில் கந்தலுக்குள் மறைத்துப் பழம். ஆனால் உள்ளே போவது வெளியே வந்தாக வேண்டும். பதினோராம் நாள் தர்மராஜ் மேற்பார்வைக்கு வந்து, கூண்டுக்கு ஐந்தடி தள்ளி நின்று, மூலையைப் பார்த்தார். சிங்காரி தாராளமாக வைத்திருந்தாள்.

அன்று மாலை தனக்கோடிக்கு ஓலை வந்தது. 'உறங்கும் காலத்தில் மலஜலம் கழிக்காத விலங்கின் கூண்டில் மேற்படி பொருள் காணப்பட்டது எவ்வாறு? அது விலங்கினுடையதா, வேறு யாருடையதா? மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தருக.'

தனக்கோடி எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மூன்று நாள் யோசித்து ஒரே வரி எழுதினான்: 'என்னுடையது இல்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

விளக்கம் திருப்தியாக இல்லை. உடனே எட்டாவது உபகுழு பிறந்தது. கரடி உறக்க உபகுழு என்று பெயர். முதல் கூட்டத்தில் தர்மராஜ் பேசினார்: "கரடி உறங்காததுக்குக் காரணம் கரடி இல்ல. நம்ம ஊர்ல குளிர்காலம் சரியா நடக்கறதில்ல. இது நெடுநாளாகக் கவனிக்கப்படாத நிர்வாகக் குறைபாடு. கழகம் இதை நிவர்த்தி செய்யும்."

நிவர்த்தி செய்தார்கள். எதிர் டீக்கடைக்கு ரேடியோ வைக்கக் கூடாது என்று கடிதம் போயிற்று. பார்வையாளர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுனிக்காலில் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கூண்டைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் கட்டினார்கள். கடலூர்த் துறைமுகத்திலிருந்து லாரியில் ஐஸ் பாளம் நாலு வந்தது. மீனுக்குப் போட்ட ஐஸ். உபகுழு உறுப்பினர்கள் சால்வை போர்த்திக்கொண்டு வந்து, பாளங்களைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு, குளிர்காலம் தொடங்கிவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சிங்காரிக்குக் கொண்டாட்டம். ஒரு பாளத்தைக் கட்டிக்கொண்டு நக்கினாள், இன்னொன்றின் மேல் ஏறி வழுக்கினாள். மத்தியானத்துக்குள் குளிர்காலம் உருகி, மீன்வாடையோடு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

விளையாட்டு அதோடு சரி. யாரோ ரகசியமாகத் தீனி போடுவதாக உபகுழு கண்டுபிடித்துக் கூண்டுக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தது. தார்ப்பாய்க்கு ஒரு காவல். தார்ப்பாயின் அடியில் கை நுழைகிற இடத்தில் தனக்கோடியால் ஒரு நாளைக்கு ஓர் உருண்டை களி, ஒரு பிடி புற்று மண் தள்ள முடிந்தது. தை பிறந்தபோது சிங்காரியின் தோல் உடம்புக்குப் பெரிதாகிவிட்டது. படுத்தே கிடந்தாள். ஆனால் கண் திறந்திருந்தது.

தர்மராஜ் ஐந்தடி தள்ளி நின்று தார்ப்பாய் ஓட்டையில் பார்த்தார். "அப்படி வா வழிக்கு. உறங்க ஆரம்பிச்சிட்டுது பாரு."

"கண்ணு முழிச்சிருக்குதுங்க. பசி மயக்கங்க அது."

"தொடக்க நிலை உறக்கம்" என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் தனக்கோடி சொந்தக் காசில் ஓர் இன்லண்டு கவர் வாங்கினான். சேர்வராயன் மலையடியில் விலங்குக் காப்பிடம் ஒன்று நடத்தும் அம்மாள் ஒருவரைப் பற்றி ஒரு பத்திரிகைத் துண்டில் படித்திருந்தான். பேர் அம்புஜவல்லி, விலங்கியல் படித்தவர். கழகத்தின் ஓலைகளிலிருந்து கற்ற முறைப்படி பொருள், பார்வை எல்லாம் போட்டு அவருக்கு எழுதினான். கடைசியில் மட்டும் முறை தவறி, 'அம்மா, செத்துப்போகும் போல இருக்குது' என்று முடித்தான்.

தை பதினெட்டாம் தேதி ஒரு ஜீப்பில் அம்புஜவல்லி வந்து இறங்கினார். நிபுணர் ஒருவர் தானாக வந்திருக்கிறார், மாலை போடாமல் அனுப்ப முடியாது என்று பழமலையே வந்து முத்திரையை உடைத்துக் கூண்டைத் திறந்து காட்டினார். அம்புஜவல்லி உள்ளே போய்ச் சிங்காரியின் வாயைத் திறந்து பார்த்தார், விலாவைத் தடவினார், பலகையைப் படித்தார்.

"இதை எழுதினது யாருங்க?"

தர்மராஜ் அடக்கமாகத் தலை குனிந்தார்.

"நீங்க எழுதினது பனி விழற நாட்டுக் கரடி. அங்க தின்ன எதுவும் கெடைக்காது, அதனால தூங்கும். இது நம்ம ஊர்க் கரடி. பன்னெண்டு மாசமும் திங்கும். இன்னும் ஒரு வாரம் இப்படி விட்டீங்கன்னா செத்துடும்."

உடனே அவசரப் பொதுக்குழு கூடியது. நிபுணரை மேடையில் உட்காரவைத்துவிட்டு அவரைப் பற்றியே விவாதித்தார்கள். தனக்கோடி கதவோரம் நின்றான்.

பழமலை எழுந்தார். "நான் சூளைக்காரன். வெந்து வந்த பொருள நான் திருப்பி மண்ணாக்கினது கெடையாது. ஜாடி கோணலா வந்தா, ஊறுகாய் போட்டவன் சரியா போடலன்னு சொல்லி வித்திருக்கேன். இருவது வருசமா யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல. பலகையில என் பேரு இருக்குது. என் பேரு இருக்கற பலகை தப்புன்னா, அப்புறம் என் பேரு இருக்கற ஜாடிய எவன் வாங்குவான்? அறிவு வளரட்டும், வேணாங்கல. வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாம வளரட்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் தர்மராஜ் எழுந்தார். "அம்மையார் சொன்னதைக் கழகம் முழுமனதோட ஏத்துக்குது. பலகையில இருக்கறது கரடி. கூண்டுல இருக்கறது பலகையோட பொருந்தல. அப்ப கூண்டுல இருக்கறது கரடி இல்ல. இத்தன நாள் கரடி இல்லாத ஒண்ணுக்குக் கழகம் கரடித் தீனி போட்டிருக்குது. இந்த முறைகேட்டை வெளிக்கொண்டுவந்ததுக்கு அம்மையாருக்கு நன்றி."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: கரடிக் கூண்டில் தற்போதுள்ளது கரடி அல்ல.

அம்புஜவல்லி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். தனக்கோடி பின்னாலேயே வந்தான்.

"ஏம்பா, கரடிய எனக்குத் தரமாட்டாங்களா?"

"கேட்டா அதுக்கு ஒரு உபகுழு போடுவாங்கம்மா. ஆனா அது அவங்க கரடி இல்லன்னு இப்பதான கை தூக்கினாங்க."

அம்புஜவல்லி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். "உன் வேலை போயிடுமே."

"வேல போனா நான் மண்ணு சொமப்பேன். அவ என்ன செய்வா?"

உள்ளே போண்டா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி கூண்டுக்குள் போய், கையில் வெல்லத்தைத் தடவிக்கொண்டு, மூக்குக் கயிற்றைப் பிடித்தான். சிங்காரி முதல் தடவை எழுந்து விழுந்தாள். இரண்டாம் தடவை அவன் தொடையில் சாய்ந்து எழுந்துகொண்டாள். பெரிய வாசல் வழியாகவே நடத்திக்கொண்டு வந்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கும் தங்கதுரை குறுக்கே நின்றான்.

"எங்கடா ஓட்டிக்கிட்டுப் போற? விலங்கு எதுவும் வெளிய போவக் கூடாது, எனக்கு ரூலு இருக்குது."

"இது கரடி இல்லியாம். தீர்மானம் போட்டுட்டாங்க. உள்ள போயி கேட்டுக்க."

தங்கதுரை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "நெசந்தான். கரடி இல்லன்னுதான் செக்ரட்டரி சொல்றாரு. அப்ப எனக்கு என்ன, போ."

ஜீப்பின் பின்பக்கம் அவளைத் தூக்கி ஏற்ற மூன்று பேர் போதுமாக இருந்தது. நல்ல நாளில் எட்டுப் பேர் வேண்டியிருக்கும்.

மாலையில் கூண்டு காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தர்மராஜ் போலீசுக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். 'எங்கள் கரடி' என்று எழுதி அடித்தார், தீர்மானம் இருந்தது. 'கரடி அல்லாத ஒன்று' என்று எழுதி அடித்தார், வாங்கமாட்டார்கள். தை பதினெட்டாம் தேதி நடந்து போயிற்று என்று எழுதினால் அன்றைக்கு விழித்திருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரவு வரை யோசித்தவருக்கு விடை கிடைத்ததும் முகம் தெளிந்தது. கரடி அல்லாதது போய்விட்டது. இனிக் கூண்டில் இருக்கக்கூடியது பலகைப்படியான கரடி ஒன்றுதான். அது உறங்குகிறது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொன்னார்.

தனக்கோடி வேலை போகுமென்று வீட்டில் உட்கார்ந்திருந்தான். தைக் கடைசியில் பொதுக்குழு கூடிய மறுநாள் நிரந்தர உத்தரவு வந்தது. 'தை பதினெட்டாம் தேதி முதல் கரடிக் கூண்டில் சத்தமோ மலஜலமோ காணப்படவில்லை. காப்பாளரின் பணி முழுத் திருப்தி' என்று தர்மராஜே எழுதியிருந்தார்.

"வெறுங்கூண்டுக்குக் காவலாம்" என்றான் தனக்கோடி.

"மூணு வருசமா கூண்டுல ஆளு இருந்துச்சு, ஒண்ணும் தரல. வாங்கிக்க" என்றாள் திரௌபதி.

வாங்கிக்கொண்டான். தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வாயில் விரல் வைத்துக் காட்டுவதுதான் வேலை. கூட்டம் முன்னைவிட அதிகமாக வந்தது. பக்கத்து ஜில்லாக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். தார்ப்பாய் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்புஜவல்லியிடமிருந்து கார்டு வந்தது. சிங்காரி இரண்டு புற்றைக் காலி செய்துவிட்டாள், உறிஞ்சுகிற சத்தத்தில் ஆபீஸில் வேலை நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். தனக்கோடி அந்தக் கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தான். படிக்கப் படிக்க முக்காலியில் உட்காருவது கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

பங்குனி பிறந்தது. பலகைப்படி கரடி தானே விழித்தெழ வேண்டும். உபகுழு மூன்று முறை கூடிக் கலைந்தது. கடைசியில் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'பொதுமக்கள் நலன் கருதி, குளிர்காலம் மறு உத்தரவு வரும்வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.'

சித்திரையில் வெயில் தாரை உருக்கியது. அறிவிப்பைப் படித்துவிட்டு ஜனங்கள் செருப்பைக் கழற்றி, கொதிக்கிற தரையில் நுனிக்காலில் நடந்து வந்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் அதே ஜில்லாவில் இருக்கும் மங்களூர்க் கிராமத்திலிருந்து வீராயி என்று ஒரு கூலிக்காரப் பெண்பிள்ளை வந்தாள். முந்தானையில் கொஞ்சம் வெல்லம் முடிந்திருந்தது. ஒரு மணி நேரம் தார்ப்பாய் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கால் பொறுக்காமல் கால் மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு தனக்கோடியிடம் குனிந்து, காதோடு கேட்டாள்.

"நாலு வாட்டி வந்துட்டேங்க. கூலிய வுட்டுட்டு, பஸ்ஸுக்குக் குடுத்துட்டு. எங்க ஊர்ல ஒருத்தன் கரடி மூக்கக் காட்டுச்சுன்னான். எனக்கு மட்டும் ஏங்க தெரியல? என் கண்ணுதான் கெட்டுப்போச்சுங்களா?"

தனக்கோடி முக்காலியை விட்டு எழுந்தான்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான். மூன்று மாதம் கிசுகிசுத்த தொண்டையில் முழுக்குரல் வந்தது அவனுக்கே புதிதாக இருந்தது. "உள்ள கரடி இல்ல. தையிலேயே போயிடுச்சு. சேலத்துப் பக்கம் மலையில நல்லா தின்னுக்கிட்டு இருக்குது. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, "மெதுவா பேசுய்யா, எழுந்துடப் போவுது" என்றார். அவர் சம்சாரம், "இப்பதான் பொரண்டு படுத்துச்சு, நான் பாத்தேன்" என்றாள். இன்னொருவர் உபகுழுவிடம் புகார் சொல்ல நுனிக்காலிலேயே ஓடினார். வீராயி மட்டும் தார்ப்பாயையும் தனக்கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெல்லத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாலை ஐந்து மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. கூண்டில் கரடி இல்லை என்று அவன் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கரடியை ஓட்டிக்கொண்டு போனதைப் பற்றியும் இல்லை. 'உரத்த குரலில் பேசிக் கரடியின் உறக்கத்துக்கு ஊறு விளைவித்த குற்றத்துக்காக, நிரந்தரக் காப்பாளர் தனக்கோடி உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். கரடி மீண்டும் உறங்கிவிட்டது என்பதைக் கழகம் பொதுமக்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது.'

தனக்கோடி உத்தரவைப் படித்து முடித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டான். வாசலுக்கு வந்து செருப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்து நாலு தட்டுத் தட்டினான். உள்ளேயிருந்து பத்துப் பேர் ஒரே சமயத்தில் 'உஸ்' என்றார்கள்.